சாவுக்கு முன்பே பாடிய ஒப்பாரி

எங்கள் அக்காவை வழியனுப்ப வந்த நீங்கள், ஆண்டு திரும்பியும் மறக்காமல் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வணக்கம். அழுதுகொண்டே எழுத எனக்கு வராது. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அக்கா, மங்கலம் என்ற ஊருக்குப் பக்கத்தில், விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவர். அம்மா காலமானபோது நான் கைக்குழந்தை. அப்பாவும் போய்ச் சேர்ந்தபின், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனியில் தைத்ததில் பிழை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போய் என்னை ஆளாக்கினார். தனக்கென்று ஒரு நல்ல சேலை எடுத்ததில்லை. பிடிவாதம் மட்டும் மலையளவு.

எங்கள் ஊருக்கு எழுதிவைத்த வரலாறு கிடையாது. யார் எங்கிருந்து வந்தார், எந்தக் கிணற்றை யார் வெட்டினார் என்பதெல்லாம் சாவு வீட்டில் பெண்கள் பாடும் ஒப்பாரியில்தான் இருந்தது. பயிர் விளைந்த காடுகளில் சாயப்பட்டறைகள் வந்துவிட்டன. ஓடையில் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் தண்ணீர் போகிறது. பாடத் தெரிந்தவர்களில் எதிர்வீட்டு அத்தை ஒருவர்தான் மிச்சம். அவர் பாட்டை டேப்பில் பிடித்துவிட அக்கா துடித்தார். சாவு வீட்டுக் கூச்சலில் ஒன்றும் பதியவில்லை. மற்ற நேரத்தில் தறிச் சத்தம். கரண்ட் போனால்தான் ஊர் அடங்கும்.

அப்படி ஒரு மழைநாள் மத்தியானம் கரண்ட் போனது. அக்கா அத்தையை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்கார வைத்து, பேட்டரியில் ஓடும் டேப்பை முன்னால் வைத்தார்.

"எளவில்லாத ஊட்டுல ஒப்பாரி வெக்கக் கூடாது சாமி. பேரு சொல்லி அழுவோணும். கருமாதி முடிஞ்சவங்கள மறுக்காக் கூப்பிடவும் கூடாது" என்றார் அத்தை.

"அப்பறம் என்னங்க அத்த, என்ற பேர வெச்சுப் பாடுங்க."

"அக்கா, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று நான் கத்தினேன்.

"சும்மா இரு கண்ணு. இவங்களும் போயிட்டா நம்மூரு கதையச் சொல்ல ஆருக்கு வாயிருக்குது?"

அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாடினார். கிணறு வெட்டியவர்கள், காடு விற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். முடிவில், "ஒத்தத் தங்கச்சிய உட்டுப்போட்டு எங்க போன என்ற சாமி" என்றார். அக்கா சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

தை பிறக்குமுன் அக்காவுக்கு மஞ்சள் காமாலை. ஈரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். தண்ணீரைக் குற்றம் சொல்வதா, பாட்டைச் சொல்வதா? ஊர் பாட்டைத்தான் சொன்னது.

சாவன்று அத்தை வாசலோடு நின்றுவிட்டார். "உங்கக்காளுக்குப் பாடியாச்சு கண்ணு. ரெண்டுக்கா பாடக் கூடாது" என்றார். அதனால் டேப்பைப் போட்டோம். இருக்கிறவர் போய்விட்டதாக அழுத அந்தப் பாட்டு, அன்றைக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. ஐயோ, அந்தக் கடைசி வரி வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் கண்விழித்த செக்கிங் செக்ஷன் தோழிகளுக்கும், தறியை நிறுத்திவிட்டுத் தோள்கொடுத்த ஊர் அண்ணன்மாருக்கும் உயிருள்ளவரை நன்றி மறக்கமாட்டேன்.

போன வாரம் அத்தை இருமிக்கொண்டே வந்தார். "ஊரு உண்டான கதை இன்னும் பாடுல கண்ணு. உங்கக்கா கேட்டுட்டே இருந்தா. ஆனா, ஒரு பேரு வேணுமே" என்று என் முகத்தைப் பார்த்தார்.

டேப்பின் மறுபக்கம் காலியாக இருக்கிறது. நேற்று நான் புது பேட்டரி வாங்கி வந்தேன்.