அம்மா ஹையர் பாஸான கதை

அம்மாவை அன்போடு வழியனுப்பி வைத்த உறவுகளுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். ஓராண்டு ஓடிவிட்டது. "அழ வெக்கற மாதிரி எழுதாத கண்ணு, உங்கம்மாளுக்கே புடிக்காது" என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் வீட்டில் அதிகம் சிரித்த காலத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது போத்தனூரில். தாத்தாவுக்கு ரயில்வேயில் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அம்மா டைப்ரைட்டிங் சேர்ந்து லோயர் பரீட்சையில் தேறினார். அடுத்து ஹையர். ஹால் டிக்கெட் வந்த அதே வாரத்தில் தொண்டாமுத்தூர் மாப்பிள்ளையோடு முகூர்த்தமும் குறித்துவிட்டார்கள். "பரீட்சைய எழுதிப்போட்டு வாரனுங்கப்பா" என்று தாத்தாவிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். பந்தல் போட்ட வீட்டிலிருந்து கல்யாணப் பெண்ணை யார் வெளியே விடுவார்கள்?

பிறகு தோட்டம், மாடுகள், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார், நான். யானை புகுந்து வாழையை மிதித்த வருடங்களில் அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் வனத்துறைக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அம்மாதான். எழுதி முடித்ததும் "டைப் அடிச்சிருந்தா இன்னும் மருவாதியா இருந்திருக்கும்" என்பார். அதற்குள் என்ன ஏக்கம் இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்கு அறுபது வயது ஆனபோது, பீரோவைச் சுத்தம் செய்கையில் கூறைச் சேலை மடிப்பிலிருந்து அந்தப் பழைய ஹால் டிக்கெட் விழுந்தது. என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட அப்பா திகைத்துப்போனார்.

"என்ற கல்யாணத்துக்கோசரமா இத உட்டுப்போட்டு வந்த? இத்தன வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே அம்மணி!"

"சொல்லியிருந்தா கல்யாணத்தத் தள்ளி வெச்சிருப்பீங்களாக்கும்?"

அப்பா மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்.

அங்கே ஒரு மணி நேரம்தான் மெஷின் கிடைக்கும். மற்ற நேரத்தில் பழக என் பழைய லேப்டாப்பைக் கொடுத்தேன். அம்மா விரல் வைத்த வேகத்தில் முதல் வாரமே 'ஏ' எழுத்துக் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்தது. வரி முடிந்ததும் டைப்ரைட்டர் உருளையை வலப்பக்கம் தள்ளும் பழக்கத்தில் இடது கை தானாக வீசும். பக்கத்தில் இருந்த என் காப்பி டம்ளர் கவிழும். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான் நான்கே விரலால் தட்டுவதைக் கண்டுபிடித்தபோது அம்மா கொதித்துவிட்டார். "அடிக்கறதும் அழிக்கறதுமா இருக்கறயே கண்ணு, இதுக்கா உனக்குச் சம்பளம் தராங்க?"

இரண்டே மாதத்தில் கை வீசுவது நின்றது. அம்மா லேப்டாப்புக்குப் பழகிவிட்டார் என்று மகிழ்ந்தோம். அதுதான் வினையானது.

பரீட்சைக் கூடத்தில் அத்தனை மெஷின்களும் ஒன்றாகப் படபடத்தன. வரி முடியப்போகிறது என்று தன் மெஷின் அடித்த மணி அம்மாவின் காதில் விழவில்லை. வரி முடிந்து கட்டைகள் நின்றுவிட்டன. லேப்டாப் போல அது தானாக அடுத்த வரிக்குப் போகும் என்று அம்மா காத்துக்கொண்டிருந்தார். உறைத்தபோது நேரம் போய்விட்டது. வெளியே வந்து, "கெடுத்துப்போட்டனுங்க" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா பூசை மணியோடு வந்து லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் இடப்பக்கம் ஒரு காலி டம்ளரை வைத்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்து திரையின் ஓரத்துக்கு வந்ததும் மணி அடிப்பார். அம்மா டம்ளரை வலப்பக்கம் தள்ளுவார். அப்பா எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார். ஐந்து மாதம் இதே கூத்து. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து, "ஏனுங்க, யானை வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஊட்டுல ஹையருக்குப் படிக்கறாங்க" என்றார் அப்பா, மணியை நிறுத்தாமல்.

மறுமுறை அம்மா முதல் வகுப்பில் தேறினார். தெருவுக்கே லட்டு கொடுத்தது அப்பாதான். அடுத்த யானை மனு டைப் அடித்தே போனது. அம்மா என்னையும் உட்கார வைத்து மீதி ஆறு விரல்களையும் வேலைக்கு இழுத்தார்.

நோய் வந்து மூன்று வாரங்களே படுத்திருந்தார். ஆஸ்பத்திரியிலும் நர்சுகள் கம்ப்யூட்டரில் அடிப்பதைப் பார்த்து, "விரல் தப்பு அம்மணி" என்று திருத்திக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் மருத்துவர்களுக்கும், அம்மாவுக்குத் தன் சொந்த நேரத்திலும் சொல்லிக்கொடுத்த இன்ஸ்டிடியூட் ஆசிரியைக்கும், "ஆன்ட்டி" என்று சுற்றிவந்த காலை வகுப்புப் பிள்ளைகளுக்கும், அடுக்களையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

இதை அந்தப் பழைய லேப்டாப்பில்தான் அடிக்கிறேன், பத்து விரலாலும். தொடங்கியதும் அப்பா பூசை மணியோடு வந்து உட்கார்ந்தார். என் இடப்பக்கம் ஒரு காலி டம்ளரை வைத்தார். வரிக்கு வரி மணி அடித்தார், நானும் தள்ளினேன். "அவ்வளவுதானுங்கப்பா, முடிஞ்சுருச்சு" என்றேன். அப்பா டம்ளரை எடுத்து மறுபடி இடப்பக்கம் வைத்தார்.

"இன்னொரு வரி அடி கண்ணு" என்றார்.