நரையைப் பார்த்துப் போட்ட வயது

கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டுவது என் பிழைப்பு. இரண்டு வருஷமாக மாதம் ஒரு முறை கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானியை ஏற்றிப் போனேன். மலைக்காரர்களிடம் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோவார். பத்தாவதோடு நின்ற எனக்கும் புரியும்படி சொன்னார். கயிறு பிரியாமல் நுனியில் முடிச்சுப் போடுவதுபோல, செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் நுனியிலும் ஒரு காப்பு உண்டாம். செல் பெருகப் பெருக அது தேயுமாம். எந்த வயதில் எவ்வளவு தேய்கிறது என்பதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் வயதைக் குறித்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வண்டியைத் துடைக்கப் போய்விடுவேன். அந்த அட்டைக்கு முகாம் நடந்தபோது வண்டி ஓட்டியவனும் நான்தான். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு அங்கே நரையைப் பார்த்து வயது போட்டார்கள். இவ்வளவு படித்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், சாமை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தன் அட்டையையும் மனைவியின் அட்டையையும் நீட்டினார்.

"எனக்கு அம்பத்தஞ்சு, இவளுக்கு அறுவத்தெட்டு. அக்காவக் கட்டிக்கினு குடும்பம் நடத்துறேன் டாக்டரம்மா!"

"தலைக்கு மை பூசிக்கினு போயி நின்னா கம்மியாத்தான் போடுவாங்க," என்றார் மனைவி. "என்னவுட பத்து வயசு ஜாஸ்திங்க இவுருக்கு."

விஞ்ஞானி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?"

"பயங்க. நீங்க படிச்சவங்க."

"படிச்ச நான்தானே முதல்ல கேட்டிருக்கணும்," என்றார்.

என்மேல் கோபப்படவே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டார். மலைக்கு ரோடு போட்டபோது நடந்தீர்களா, அம்மா இடுப்பில் இருந்தீர்களா? நீங்கள் பிறந்த வருஷமே பக்கத்து வீட்டில் பிறந்தவர் யார்? வயது உறுதியாகத் தெரியாதவர்களின் ரத்த மாதிரி எண்களைத் தன் கையாலேயே நோட்டில் கோடு போட்டு அடித்தார். பாதிக்கு மேல் போயிற்று. ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த நோட்டை மடியில் வைத்திருந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சமவெளி ஆட்களிடமும் ரத்தம் எடுத்திருந்தார்; அவர்களில் ஒருவனாக நானும் கொடுத்திருந்தேன். கடைசி நாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"என் வயசும் தப்புங்க. தலைக்கு மேல கையப் போட்டுக் காதத் தொட்டேன். வாத்தியார் அஞ்சு வயசுன்னு எழுதிக்கினாரு."

"உங்களையாவது மிச்சம் வச்சுக்கலாம்னு நினைச்சேன்," என்று சொல்லிவிட்டு, என் எண்ணின் மேலும் கோடு போட்டார்.