எந்தத் தெரு?

நேர்முகத் தேர்வு நடத்திய ஐயா, நீங்கள் பொய்யர். உங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி வேற்றுமை பார்க்காது என்று திண்டுக்கல் கல்லூரியில் எழுதி ஒட்டினீர்கள்.

தேர்வுக்கு வந்தவர்கள் வரிசையில், வராந்தாவில் எனக்கு முன்னால் ஒல்லியான ஒரு பெண் கண்ணை மூடி, உதட்டை அசைத்தபடியே நின்றார்.

“சாமி கும்புடுறீங்களா?” என்றேன்.

“இவுக கொள்கைய மனப்பாடம் பண்றேன். ஆள் பாத்து எடுக்க மாட்டாகளாம். பொழச்சேன்,” என்று சிரித்தார்.

உள்ளே போனவர் செத்த நேரத்தில் திரும்பி வந்தார்.

“ஊரு ரெட்டியார்சத்திரம் பக்கம்னேன். எந்தத் தெருன்னு கேட்டாரு. சொன்னேன். அம்புட்டுத்தான், போகச் சொல்லிட்டாரு.”

எங்கள் பக்கம் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார். அழவில்லை.

என்னையும் தெரு கேட்டீர்கள். எனக்கு வேலை கிடைத்தது.

அவர் எதில் தோற்றார்? ஊரறியச் சொல்லுங்கள்.