பூசையில் இருந்த ஸ்பானர்

ஆந்திராவில் அருவி இருக்கிற தலக்கோனா மலைக்காட்டை அரசாங்கம் தேசியப் பூங்கா ஆக்கப் போகிறதாம், அடுத்த மாதத்திலிருந்து மோட்டார் சைக்கிளை உள்ளே விட மாட்டார்களாம். கனகம்மாசத்திரம் சலூனில் பஸ் கண்டக்டர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனாராம். சலூன்காரர் சிங்காரத்திடம் சொன்னார். சிங்காரம் நேராக அம்மையார்குப்பத்துக்கு, தங்கை வீட்டுக்கு வந்து, தங்கை புருஷன் துளசிங்கத்தின் உயிரை வாங்கினார்.

"அருவியப் பாக்காமயே செத்துப்பூடுவே மாப்ளே. நாளைக்கு விஜயதசமி, தறி ஓடாது. காத்தால போனா மத்தியானம் வந்துடலாம்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வசந்தியப் பொண்ணு பாக்க வராங்க பாவா."

"நான் என்னா ராத்திரி வரைக்குமா கூப்புடறேன்?"

துளசிங்கத்துக்கு நாற்பத்தெட்டு வயது, நாலு விசைத்தறி, ஒரே மகள். இதே பிள்ளை வீட்டார் போன மாதமும் வந்தார்கள். அன்றைக்கு அவர் நூல் எடுக்கப் போய், திரும்பிவர பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார். பையனின் அம்மா கௌரியம்மாள் எழுந்து போகும்போதே சொல்லிவிட்டார்: "பொண்ணோட அப்பா இல்லாத வூட்ல யார்கிட்ட பேசறது? இன்னொரு தபா இப்டின்னா வேற எடம் பாத்துக்கறோம்." அதற்கப்புறம்தான் துளசிங்கம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

விடியற்காலை கிளம்பினார்கள். வழியில் ஒரு அம்மன் கோயில் விடாமல் வண்டியை நிறுத்தச் சொன்னார் சிங்காரம். அருவியில் ஒரு மணி நேரம் குளித்தார். திரும்பும்போது, மணி ஒன்று, காட்டுக்குள் ஒரு மேட்டில் வண்டி இருமிக்கொண்டு நின்றது.

"பிளக்ல கரி அடைச்சிருக்கும். ஸ்பானர் பைய எடுங்க பாவா."

சிங்காரம் வண்டிப் பெட்டியைத் திறந்தார். எண்ணெய்த் துணி ஒன்றுதான் இருந்தது.

"அது பூசைல கீது. நேத்து நாந்தானே தறி நாடா பக்கத்துல வச்சிப் பொட்டு வச்சேன்? மறுபூசை ஆவாம ஆயுதத்த எடுக்கக் கூடாதுய்யா."

"அப்ப வண்டிய மட்டும் எடுக்கலாமா?"

சிங்காரம் கொஞ்சம் யோசித்தார். "வண்டிக்குக் காத்தாலயே கற்பூரம் காட்டிட்டேனே."

துளசிங்கம் எண்ணெய்த் துணியைச் சுற்றி, பிளக்கைக் கையாலேயே திருகிப் பார்த்தார்; அசையவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரே லாரியில் சக்கரம் கழற்றும் ஸ்பானர்தான் இருந்தது. தள்ளினார்கள். நடுவழியில், "மானு பாரு மாப்ளே, மானு!" என்றார் சிங்காரம்.

"தள்ளுங்க பாவா."

"தள்ளிக்கினுதான கீறேன்? கண்ண மூடிக்கினா தள்ளணும்?"

வனத்துறைச் செக்போஸ்ட்டை அடைந்தபோது மணி மூன்று. திருப்பதிக்குக் கடைசி பஸ் நாலு மணிக்காம். அதைப் பிடித்தாலும் வீடு போய்ச் சேர எட்டாகிவிடும். எதிர்வீட்டு நூல்கடைப் பஞ்சாட்சரத்துக்குப் போன் இருந்தது. அவர் போய், வந்தவர்களை எட்டு வரைக்கும் உட்கார வைத்தால் போதும். துளசிங்கம் தெலுங்கில் கெஞ்சியதும், "கானி நைனா, ஆகட்டும், பேசிக்கோ" என்று டெலிபோனை நகர்த்தி வைத்தார் பாரஸ்ட் கார்டு. டிரங்க் கால் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரும் எடுக்கலீங்க. கட் பண்ணிடட்டுமா?" என்றாள் ஆபரேட்டர்.

"வேணாம்மா, வேணாம்மா. இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."

"மாப்ளே! பஸ் வந்துகினு கீது!" வெளியிலிருந்து சிங்காரம் கத்தினார்.

துளசிங்கம் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டார். இன்னொரு காதில் பஞ்சாட்சரத்தின் வீடு மணியடித்துக்கொண்டிருந்தது.