கதவு எண் பதினேழு

1974ஆம் வருஷத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளின்படி, மேற்கு மாம்பலத்தில் கதவு எண் பதினேழின் பின்கட்டில் முப்பத்தொரு நோயாளிகள் குடியிருந்தார்கள். உண்மையில் அங்கே குடியிருந்தவர்கள் இரண்டே பேர்: தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் அய்யாதுரை, அவர் மனைவி தங்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாதுரை மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தடியில் நிற்பார். தெற்கேயிருந்து வந்து தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து வருகிற ஊர்க்காரரை எட்ட நின்றே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு கையில் கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டான் இருக்கும். மறு கை நோவுகிற இடத்தைப் பிடித்திருக்கும். நலம் விசாரிப்பதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடும்.

"ஆஸ்பத்திரில எங்க குடியிருக்கேருன்னு கேப்பாவ. மேற்கு மாம்பலம், பதினேழுன்னு சொல்லணும். ஊர்ப் பேர எடுத்தேருன்னு வையும், 'உங்க ஜில்லாவுலயே பாத்துக்கோ'ன்னு திருப்பி விட்டுருவாவ. எங்க, சொல்லும் பாப்பம்."

அவர் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டுக்குள் இருக்கிறது. பஸ்ஸுக்கு மூன்று மைல் செம்மணலில் கால் புதைய நடக்க வேண்டும். பக்கத்து ஊரில் சுகாதார நிலையம் உண்டு, சுண்ணாம்புகூட அடித்திருக்கிறார்கள். வருகிற டாக்டர்கள்தான் பெட்டியைப் பிரிப்பதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மேற்கு மாம்பலத்திலோ கடைக்குப் போகிற வழியில் மட்டும் மூன்று டாக்டர்களின் பெயர்ப்பலகைகள். பட்டணத்துக்கு வந்த புதிதில் அய்யாதுரை அவற்றைக் கோபுரம் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

எந்த நோயையும் அவர் துணியாகத்தான் பேசுவார். குடலிறக்கக்காரரிடம், "துணி கெட்டித் துணிதான், தையல்தான் விட்டிருக்கு" என்பார். ஒன்றுவிட்ட அண்ணன் மகள் முத்துலட்சுமியைப் பற்றிக் கேட்டால் மட்டும் துணிப் பேச்சு வராது. அவளுக்கு வயது இருபது. இருதயத்தில் ஒரு வாசல் சுருங்கிவிட்டது, கத்தி வைத்து அகலப்படுத்தினால் பிழைப்பாள் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கை காலியானதும் கார்டு போடுவார்களாம். கார்டு எங்கே வரும்? பதினேழுக்குத்தான். படுத்தால் மூச்சு முட்டுவதால் அவள் இரண்டு மாதமாகப் பின்கட்டுச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

முன்கட்டில் வீட்டுக்காரர் ராமானுஜம். ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவிலேயே தித்திப்பான தண்ணீர் அவர் கிணற்றில்தான். காப்பிக்கு அந்தத் தண்ணீர் வேண்டுமென்று மயிலாப்பூரிலிருந்து அவர் தமையனார் கூஜாவோடு வருவார்.

"ஓய் அய்யாதுரை, நான் உமக்கு வீடு விட்டேனா, வார்டு விட்டேனா? தை பொறந்தா காலி பண்ணிடும்" என்று மாதம் ஒருமுறை சொல்லிவிடுவார். அய்யாதுரை ஒரு கொட்டான் கருப்பட்டியை நீட்டுவார். வாங்கிக்கொண்டு மறுபடியும் அதையே சொல்வார்.

அந்தக் கோடையில் ஊரில் மஞ்சள் காமாலை பரவியது. கீழாநெல்லிக்கு அடங்காத நாலு பேர் ரயிலேறினார்கள். அய்யாதுரை அவசரத்தில் ஒரு தப்புச் செய்தார். நாலு பேரையும் ஒரே வாரத்தில் அழைத்துப் போய், நாலு பேரையும் பதினேழு என்று சொல்லவைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், அடுத்த செவ்வாய்க்கிழமை கார்ப்பரேஷன் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார். பின்னால் பிளீச்சிங் பவுடர் டின்னைத் தலையில் சுமந்துகொண்டு அவருடைய ஆள் கபாலி.

"இன்னா நைனா, இந்த ஊட்ல கீறவன் அல்லாம் மஞ்சளா கீறான்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நீ நல்லா கறுப்பாத்தான கீற?" என்றான் கபாலி, அய்யாதுரையைப் பார்த்து.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார்; பின்கட்டின் ஒற்றை அறையையும் பார்த்தார்.

"இதுல முப்பத்தொரு பேரா? ஒண்ணு, இந்தக் கிணத்துத் தண்ணி கெட்டிருக்கணும். இல்ல, இவங்க யாரும் இங்க குடியில்லன்னு அர்த்தம். பொய் அட்ரஸ்னா சொல்லிடுங்க. ஆஸ்பத்திரிக்கு எழுதி, இந்த நம்பர்ல இருக்கற பேர் மொத்தத்தையும் அடிக்கச் சொல்லிடறேன்."

அய்யாதுரை சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேர் மொத்தத்தையும் என்றால் முத்துலட்சுமியின் பேரும்தான். அவள் சுவரோரம் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். தங்கம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் நீங்கதானே? நீங்க சொல்லுங்க, சார்" என்று இன்ஸ்பெக்டர் ராமானுஜத்திடம் திரும்பினார்.

இனிப் பேச வேண்டியது ராமானுஜம்தான் என்று அய்யாதுரைக்குப் புரிந்தது. உள்ளதைச் சொன்னால் கிணறு பிழைக்கும், பின்கட்டும் காலியாகும். மாதாமாதம் அவர் கேட்பதும் அதைத்தானே.

ராமானுஜம் கிணற்றடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைத் தடவினார். தினமும் விடியலில் தண்ணீர் இறைக்க வருகிறவர். உட்கார்ந்தபடி தூங்குகிற பெண்ணைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"எல்லாரும் இங்கதான் இருக்கா. வருவா, போவா" என்றார். "கிணத்துல கொட்டுங்கோ."

"தண்ணி கெட்டிருக்குன்னு எழுதிடட்டுமா?"

"எழுதிக்கோங்கோ."

கபாலி டின்னைக் கவிழ்த்தான். "ஒரு வாரத்துக்கு மோந்துகூட பாக்காத, சாமீ" என்று ராமானுஜத்திடம் சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் தெரு திரும்பியதும் ராமானுஜம் அய்யாதுரை பக்கம் திரும்பினார். "முப்பத்தொரு பேருக்கும் ஒரே நம்பரா ஓய்? மூளை இருக்கா உமக்கு?"

மறுநாள் முதல் அய்யாதுரை விடியலில் கார்ப்பரேஷன் குழாயடியில் நின்று, முன்கட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமந்தார். ராமானுஜம் அந்தக் காப்பியை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். வெள்ளிக்கிழமை கார்டு வந்தது. திங்கட்கிழமை முத்துலட்சுமிக்குப் படுக்கை.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை அய்யாதுரை வழக்கம்போல மேம்பாலத்தடியில் நின்றார். வெள்ளைத்துரை என்கிற பனையேறி, விலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"எங்க குடியிருக்கேருன்னு கேட்டா என்ன சொல்லுவேரு?"

"மேற்கு மாம்பலம், பதினேழுல்லா?" என்றார் வெள்ளைத்துரை. ஊரிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"அது பழசு. மயிலாப்பூர்னு சொல்லும்" என்று, ராமானுஜத்தின் தமையனார் வீட்டு எண்ணை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, அய்யாதுரை அவர் கையிலிருந்த கொட்டானை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.