மூன்றாவது கல்

கிறிஸ்தோப்பர் அண்ணைக்குப் பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான் தெரியும். மன்னாரிலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு வந்து ஏழு வருடமாகத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கொன்றில் பெட்டி இறக்கியவருக்கு அதற்கு மேல் தேவைப்படவுமில்லை. கடிதம் வந்தால், படிவம் நிரப்புவதென்றால், என்னைக் கூப்பிடுவார். நானும் பெரிய பண்டிதன்போல யோசனை சொல்லுவேன். கேட்காததற்கும் சொல்லுவேன்.

ராசா என்ற நாய் அவரிடம் வந்தது 2000ஆம் ஆண்டு ஜூலையில். மொன்றியலில் அரைவாசிச் சனம் ஜூலை முதலாம் தேதிதான் வீடு மாறும். அவருடைய மேல்மாடிக்காரர் மாறும்போது ஒரு கட்டிலையும் நாயையும் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். கட்டிலை யாரோ தூக்கிப்போனார்கள். நாயை அண்ணை கூட்டிவந்தார்.

எறிந்ததை எடுத்துவரப் பழக்குவதற்கு ஒரு முழுக் குளிர்காலம் போனது. வேலைக் கையுறையைச் சுருட்டி எறிவார். ராசா பாய்ந்து போய்க் கவ்விக்கொண்டு பனிக்குள் அங்கேயே படுத்துவிடும். அண்ணை மூச்சு வாங்க ஓடிப்போய்ப் பிடுங்கிவருவார்.

“ஆர் ஆரைப் பழக்கிறது, அண்ணை?” என்று கேட்பேன்.

“நீ சிரி, ரவி. இது கெட்டிக்காரன். பேந்து பார்” என்பார்.

அவித்த கோழித் துண்டைக் காட்டியபோது ஒருநாள் அது திரும்பி வந்து, கையுறையை அவர் காலடியில் போட்டது. அன்று ரெலிபோன் காட் முடியும்வரை ஊரிலிருந்த மனைவி றோசாவோடும் மகள் ஜொய்சியோடும் அந்தச் சந்தோஷப் புழுகம்தான். பிள்ளையைக் கைக்குழந்தையாக விட்டுவந்தவர் அவர். அவர்களைக் கூப்பிடும் அலுவல் இழுபட்ட அந்த வருடங்களில், வீட்டில் அவருக்காகக் காத்திருந்த ஒரே உயிர் ராசாதான்.

2003இல் விசா வந்தது. இருந்த ஒற்றை அறை மூன்று பேருக்குப் போதாது. அவர் இருந்த மொன்றியல்-நோர் பகுதியிலேயே ஒரு வீடு கிடைத்தது. ஒப்பந்தத்தை நான் வாசித்தேன். நாய், பூனை கூடாதென்று அதில் ஒரு வரி இருந்தது.

“வீட்டுக்காரனை ஒருக்கால் கேட்டுப் பாப்பமே?” என்றார் அண்ணை.

“கேக்கப்போய் வீட்டையும் இழந்திடாதேங்கோ. அக்காவும் பிள்ளையும் வந்து றோட்டிலயே நிக்கிறது?” என்றேன்.

வீடு மாறும் கிழமை என்பதால் நாய்க் காப்பகங்களிலும் இடமில்லை. அடுத்த யோசனையும் என்னுடையதுதான். “கிழக்குப் பக்கம் பெரிய வளவு வீடுகள் இருக்கு. அங்க விடுவம். நீங்கள் எடுத்த மாதிரி ஆரும் எடுப்பினம்.” ஊரில் வேண்டாத நாயைச் சந்தையடியில் விட்டால் மீன் தலையைத் தின்றாவது பிழைத்துக்கொள்ளும். இங்கே தெருநாய் என்றே ஒன்று கிடையாது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

காரை நான் ஓட்டினேன். அண்ணை ராசாவை இறக்கிவிட்டு “போ” என்றார். அது வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எங்கள் ஊர் நாயென்றால் ஆள் குனியும்போதே நாலு வீடு தாண்டியிருக்கும். படாமல் பார்த்துத்தான் எறிந்தார். ராசா துள்ளிப் போய் அந்தக் கல்லைக் கவ்விவந்து காலடியில் போட்டது. இரண்டாவது கல்லையும் கொண்டுவந்தது. அண்ணை அழத் தொடங்கிவிட்டார். மூன்றாவது கல்லை முழுப் பலத்தோடு தூர வீசிவிட்டு ஓடிவந்து காரில் ஏறினார்.

“எடு ரவி, எடு!”

கண்ணாடியில் பார்த்தேன். வாயில் கல்லோடு எங்களுக்குப் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே எனக்கு வெறுப்பு வரும்.

மறுநாள் விடியவே போய்த் தேடினோம். பிறகு இரண்டு கிழமை, வேலை முடிய ஒவ்வொரு நாளும் தேடினோம். கிடைக்கவேயில்லை.

றோசாவும் ஜொய்சியும் வந்து சேர்ந்தார்கள். ஓகஸ்டில் வீட்டுக்காரர் ஹென்றி குழாய் திருத்த வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கிழவர் தன் நாயையும் கூட்டிவந்திருந்தார். ஜொய்சி அதை விட்டு நகரவில்லை. ஹென்றி சிரித்துக்கொண்டு என்னிடம் பிரெஞ்சில் சொன்னார். பிள்ளைக்கு ஆசையென்றால் ஒன்று வளர்க்கட்டுமாம். அந்த வரி எல்லாருக்கும் சும்மா போடுவதாம். வந்து கேட்ட எவருக்கும் அவர் மறுத்ததில்லையாம்.

அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

“என்னவாம், ரவி?”

“பைப் இனி ஒழுகாதாம்” என்றேன்.