துணி போர்த்திய சில்லர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் செல்போன் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு வண்ணமீன் கடை இருந்தது. அதைக் காலி செய்தபோது தொட்டிகளெல்லாம் விலை போய்விட்டன, ஒரு மெஷின் மட்டும் தரையில் கிடந்தது. சின்ன அரிசி டின் அளவுக்குக் கறுப்புப் பெட்டி. முன்பக்கம் காற்றை இழுக்கும் சல்லடை, மேலே தண்ணீர் போக ஒரு வாய், வர ஒரு வாய், நெற்றியில் சிவப்பு எண் காட்டும் கண்ணாடி. மீன் தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் என்றார் கடைக்காரர். மனுசனுக்கே ஏசி இல்லாத ஊரில் மீனுக்கு ஏசியா என்று சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் மச்சானிடம் போனில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னதுதான் நான் செய்த வினை. "மாப்ளே, அத யாருக்கும் குடுத்துறாம பாத்துக்க. காலைல மொத பஸ்ல வாரேன்" என்றார்.

மச்சான் என் அக்காவின் கணவர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர். அந்தக் குணத்தை நான் ஒருநாளும் ரசித்தது கிடையாது. அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் படித்த காலத்தில் அவள் ஆசைப்பட்டு மூன்று தங்கமீன் வாங்கி வளர்த்தாள். கல்யாணமாகித் துபாய்க்குப் போகும்போது அவற்றை அத்தாவிடம், அதாவது மச்சானிடம், ஒப்படைத்துவிட்டுப் போனாள். தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் கேட்கும் சாதி. ராஜபாளையத்துக் கோடையில் கூடத்துத் தொட்டியே வெந்நீர் அண்டாவாகிவிடும். முதல் கோடையில் ஒன்று செத்தது. மகளிடம் சொன்னார், அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். அடுத்த கோடையில் இன்னொன்று. மிஞ்சியது ஒன்றுதான், உடம்பெல்லாம் வெள்ளையாக, தலையில் மட்டும் சிவப்புத் தொப்பி வைத்தது. மகள் குழந்தையோடு முதல் தடவையாக விடுமுறைக்கு வரப்போவது கத்திரி முடிகிற சமயம். "இந்த ஒண்ணையாவது அவ கண்ணுல காட்டிரணும் மாப்ளே" என்றார். அவருக்கு அந்த வருஷம் வேறு எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

லோடு ஆட்டோவில் பெட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு போனோம். வீட்டில் இறக்கியதும் சுவிட்சைப் போடத் துடித்தவன் நான். மச்சான் விடவில்லை. குலுங்கி வந்த கம்ப்ரசருக்குள் ஆயில் அடங்க வேண்டும் என்று மறுநாள் காலைவரை அதைச் சும்மா நிற்க வைத்தார். பிறகு வினிகர் கலந்த தண்ணீரை உள்ளே ஓடவிட்டு, பழைய கடையின் பாசி வாடை போகிறவரை அலசினார். தொட்டியிலிருந்து பம்ப் தண்ணீரைச் சில்லருக்குத் தள்ள வேண்டும், சில்லர் குளிர வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. டியூபும் வாயும் அளவு சேராமல் கூடமெல்லாம் தண்ணீர். டேப் சுற்றி, கிளிப் முறுக்கி, சாயங்காலம் எண் முப்பத்துமூன்றிலிருந்து மெல்ல இறங்க ஆரம்பித்தபோது மச்சான் நாற்காலி போட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிட்டார். பெட்டி கக்கிய அனலில் அக்கா விசிறியோடு வாசலுக்குப் போனாள். "மீனுக்குக் குளிரு, நமக்கு வெக்கை. நல்லாருக்கு நியாயம்" என்றாள்.

மில்லில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷினையும் அம்மணமாக விடமாட்டார்கள். அவர்கள் தெரு மில்லுக்குப் பின்னால் இருந்தது. பஞ்சுத் தூசி ஜன்னல் கம்பியில் மீசை மாதிரி தொங்கும். பஞ்சு அடைத்து மோட்டார் எரிந்ததை மச்சான் கண்ணால் பார்த்தவர். டிவி, மிக்ஸி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் உறை உண்டு. சில்லருக்கும் உறை வந்தது. அந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியை நான்காக மடித்து, ஓரம் அடித்து, காற்றுச் சல்லடையின் மேல் கச்சிதமாகக் கட்டினார். பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எண் இறங்கவில்லை. மெஷின் இரையும், சூடாகும், தானாக நிற்கும். மீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. கேஸ் குறைந்திருக்கும் என்று பிரிட்ஜ் மெக்கானிக்கை வரச் சொன்னார். ஊர் ஆள் வருகிறார், அழுக்குத் துணியோடு காட்டக்கூடாது என்று அவர் வருவதற்கு முன்பே கட்டை அவிழ்த்து, பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்தார். மெக்கானிக் டீ குடித்து முடிப்பதற்குள் எண் இறங்கத் தொடங்கியது. "நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மச்சான் துணியைக் கட்டினார். பழைய குருடி, கதவைத் திறடி.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சில்லர் ஒழுங்காக ஓடியது. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும், மீன் அடியில் கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டிருக்கும். "வெள்ளிக்கிழமை பரக்கத்து" என்றார் மச்சான். அந்த நாளின் அருள் என்று நம்பித்தான் சொன்னார், கேலியாக இல்லை. நானும் தலையாட்டினேன். தினம் பத்து செல்போனைப் பிரித்து மாட்டுகிற எனக்கும் அதற்குமேல் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கோடைமழை கொட்டியது. கொடியில் கிடந்த துணிகள் காயவில்லை. மறுநாள் நான் போயிருந்தபோது சனிக்கிழமையும் தண்ணீர் குளிர்ந்திருந்தது. மச்சான் குழம்பிப்போய் நின்றார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கட்டுத் துணி இன்னும் காயல. வெள்ளிக்கிழமை காலைல தொவச்சுப் போட்டா சாயங்காலம் மகுரிபு தொழுததுக்குப் பொறவுதான எடுத்து மாட்டுவேன்."

மச்சான் திரும்பித் துணியில்லாத சல்லடையைப் பார்த்தார். மூச்சு முட்டிய மெஷினுக்கு வாரத்தில் ஒரு பகல்தான் மூச்சு விடக் கிடைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மச்சான் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். நாற்பது வருஷம் பஞ்சுக்குப் பயந்து வாழ்ந்த மனிதர், இத்தனை நாளும் அந்த மீனின் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருந்ததைப் புரிந்துகொண்ட முகம் அது. அன்றைக்கு முதல் துணி கட்டவில்லை. தினம் விடியக்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சல்லடையில் ஒட்டிய பஞ்சை எடுப்பார். அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று அக்கா சொல்வாள்.

மகள் வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் பெட்டிகள், வாசலில் பாதித் தெரு. மச்சான் தொட்டியின் லைட்டைக் காலையிலேயே போட்டு வைத்திருந்தார். அன்று முழுவதும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மறுநாள் குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டே தொட்டியைக் கடந்தவள் ஒரு நொடி நின்றாள்.

"இன்னும் இருக்கா இது?"

"இருக்குதும்மா" என்றார் மச்சான்.

குழந்தை சிணுங்கியது, அவள் போய்விட்டாள். விடுமுறை முடியும்வரை மீனைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கைக்குழந்தைக்காரியிடம் கோபப்பட என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

அவளை விமானம் ஏற்றிவிட்டு மதுரையிலிருந்து திரும்பும்போது, அந்தச் சில்லரை விற்றுவிடலாம், கரண்டை உறிஞ்சுகிறது என்றேன். அக்காவும் ஆமாம் என்றாள். மச்சான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அவ கேட்டாள்ல மாப்ளே, இன்னும் இருக்கான்னு. அடுத்த தடவ வாரப்பயும் கேப்பா."

அடுத்த தடவை அவள் வந்தது, அவரை அடக்கம் செய்த மறுநாள். வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மீன் இருந்தது. அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.